மைக்கறை

மூன்று நீதிபதிகள், ஒரு பூனை.
பூனை மட்டும் என் முகத்தைப் பார்த்தது.
"ராணி எர்மெசிந்தாவின் படுக்கை விரிப்புகளை
வெளுத்தவள் நீதானே?"
நான்தான். பத்தொன்பது வருஷம்,
சாம்பல் நீரில் ஊறப்போட்டு அரோஸ்தா ஆற்றில் அலசி,
பனி உருகும் மாதங்களில்
நகக்கண் நீலம் பாரிக்கும்வரை.

முதல் கல்யாணத்து விரிப்பில் ஒன்றுமில்லை.
மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது,
மரக்குதிரையை அணைத்துக்கொண்டு தூங்கினான்.
அம்மை கண்டு போய்ச் சேர்ந்தான்.
குதிரை இன்னும் துணிக்கிடங்கில் கிடக்கிறது.

இரண்டாமவன் காலத்து விரிப்புகளைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
அதில் ரத்தம் இருந்தது, தலையணைப் பக்கம்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
வேட்டைக்குப் போனான், சேணம் மட்டும் திரும்பி வந்தது.
அதையும் அவள் கணக்கில்தான் எழுதினார்கள்.

அவர்கள் கேட்டது முற்றுகைக் குளிர்காலத்தை.
கழுதைக்காரன் அர்நோத்
பின்கதவு வழியே படியேறிய இரவுகளை.

அந்தக் குளிரில்தான்
ஏழு தேவாலயத்து மணிகளை இறக்கி
பீரங்கி வார்க்கச் சொன்னாள்.
அதன்பிறகு பள்ளத்தாக்கில் சாவுக்கும் சத்தமில்லை.
என் தங்கை புருஷன் ஒரு சின்ன மணியை
வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தான்.
பாலத்தில் தொங்கிய பதினோரு பேரில்
அவன் ஐந்தாவது.
மறுநாள் அவள் சட்டைக் கைகளைத்
துவைத்தேன். நன்றாகவே துவைத்தேன்.

ஆகவே, அவர்களுக்கு வேண்டியதைச் சொல்ல
எனக்கும் காரணம் இருந்தது.

"கறை இருந்ததா?"
இருந்தது.
"என்ன கறை?"
மை.

ராத்திரி முழுக்க முழங்காலில் பலகை வைத்து எழுதுவாள்,
மலைக்கு அப்பால் இருந்தவர்களிடம்
பார்லிக்குக் கடன் கேட்டு.
விடியும்முன் கண்ணயர்வாள், இறகுப்பேனா சாயும்.
கடிதம் அர்நோத்தின் மூட்டையில் போகும்.
சில தடவை பார்லி வரும்.

வேறு கறையும் ஒன்றிரண்டு தரம் இருந்தது.
அறுத்துக்கட்டாதவளுக்கும் உடம்பு உண்டு.
அதை நான் சொல்லவில்லை.

நான் சொன்னது ஒரே சொல்.
எழுத்தன் லத்தீனில் நாலு வரி எழுதினான்.
கீழே சிலுவைக்குறி போடு என்றார்கள்.
போட்டேன்.

ஒன்பது வயது மகனை அரியணையில் உட்காரவைத்தார்கள்,
கால் தரையைத் தொடவில்லை.
மடத்துக்குக் கூட்டிப்போகும் வண்டியில் ஏறுமுன்
அவள் என் பக்கம் திரும்பினாள்.
"மேற்கு அறை விரிப்பு உலர்ந்ததா?"
அவ்வளவுதான் கேட்டாள்.
நான் சொன்னது தெரியுமோ தெரியாதோ.

ஒரு தலையணை உறையை மட்டும் கணக்கில் கொடுக்கவில்லை.
ஈர மை அதில் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது.
கண்ணாடியில் காட்டினால் படிக்கலாமாம்.
என்னிடம் கண்ணாடி கிடையாது, எழுத்தும் தெரியாது.
வெள்ளிக்கிழமை பிசைந்த மாவை அதால் மூடி வைக்கிறேன்.
மாவு பொங்கப் பொங்க
எழுத்துகள் கொஞ்சம் மேலே எழும்பும்.

அந்த ரொட்டியை என் தங்கை தொடுவதில்லை.