நான்காம் மாதிரி

காரைக்குடி, செக்காலை ரோடு.
மாடியில் எங்கள் சோதனைக்கூடம்,
கீழே டயர் ரீட்ரேடிங் கடை.
பதினோரு மணிக்கு ரப்பர் வேகும் வாசனை
படியேறி வந்து பக்கத்தில் உட்காரும்.

ஏழு சிலிகான் வட்டுகள், தடிமன் ஆறு மில்லிமீட்டர்.
முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள்
செயற்கைக் காலுக்குள் போட்டுக்கொள்ளும் உறைக்காக.
மேல்தட்டு இறங்கும், அழுத்தும், நிற்கும்,
பிறகு ஏறும்.
ஏறிய பின்னும் வட்டு எதை மறக்கவில்லை
என்று எழுதுவது என் வேலை.

அழுத்துவது தகைவு. நெளிவது திரிபு.
பாலுக்கும் அதே சொல்தான்,
ஆனால் திரிந்த பால் திரும்பாது.
இவை திரும்பும்,
போன வழியில் அல்ல.
திரையில் போகும் கோடு ஒன்று, வரும் கோடு ஒன்று,
நடுவே வாழையிலை மாதிரி ஓர் இடம்.
அந்த இலையளவு உழைப்பு
சூடாகி எங்கோ போய்விட்டது.

ஏழாம் வட்டு தொண்ணூற்றெட்டு சதவீதம் மீண்டது.
உமையாள் மேடம் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.
நான்காவது சோம்பேறி.
ஆறிய கவுனரிசியில் கரண்டி விட்ட பள்ளம்போல்
அழுத்திய குழி அப்படியே கிடக்கும்.
காபி கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பினால்
பாதிதான் மேலே வந்திருக்கும்.
சிவப்பு.

வெள்ளைக்கண்ணு புதுவயல் ரைஸ்மில்லில் இருந்தவர்.
எலிவேட்டர் பெல்ட் இடது காலை எடுத்துக்கொண்டது.
ஏழாவதைப் போட்டுக்கொண்டு போனார்,
வியாழக்கிழமை வந்துவிட்டார்.
"காலையில கச்சிதம். சாயங்காலம்
வாளிக்குள்ள கொட்டாங்கச்சி மாதிரி ஆடுது."

உறையில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன்.
குறையே இல்லை. எப்போது அழுத்தினாலும் ஒரே எண்.
பகலெல்லாம் பாரம் தாங்கிய சதைதான்
தன் நீரை வேறெங்கோ தள்ளிவிட்டுச் சுருங்குகிறது.
நாங்கள் சோதிக்காத பொருள்
எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து
விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டுதான் கட்டைவிரலை வைத்தேன்.
பத்து எண்ணும்வரை அழுத்தி, எடுத்தேன்.
குழி நின்றது.
அவரும் கூடச் சேர்ந்து எண்ணினார்,
நெல் அளக்கிற ராகத்தில்,
ஒன்று என்று சொல்லாமல்: லாபம்,
ரெண்டு, மூணு…
பத்தொன்பதில் தோல் சமமானது.

படிவத்தில் சதைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் போட்டேன்: 19, மாலை நாலரை.
பிறகு சிவப்பு டப்பாவைத் திறந்து
நான்காவதன் மேல் அதே விரல், அதே பத்து.
"நீங்களே எண்ணுங்க" என்றேன்.
லாபம், ரெண்டு, மூணு…
இருபத்தொன்று.

அந்தக் கலவையில் உறை வார்க்க மூன்று வாரம் ஆனது.
"எந்தத் தரநிலையில இது தேறும்?" என்றார் மேடம்.
தெரியவில்லை என்றேன்.
கையெழுத்துப் போட்டார், தேதி போடவில்லை.

போன மாதம் போன் வந்தது,
பின்னால் புதுவயல் பஸ்ஸின் ஹாரன்.
"ஆடல. நடந்துதான் வந்தேன் ஸ்டாண்டுக்கு.
ஆனா உள்ள வேர்த்துக் கொட்டுதும்மா."

வேர்வைக்கு எங்களிடம் இயந்திரம் இல்லை.
அதையும் ஓரத்தில்தான் எழுதியிருக்கிறேன்,
பென்சிலால்.