நிலை: மாற்றப்பட்டது

இருநூறு கஜம்.
அவள் வீட்டிலிருந்து,
அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து,
பையனின் பள்ளி வாசலிலிருந்து
இருநூறு கஜத்துக்குள் அவன் வரக் கூடாது.
மார்ச்சில் நீதிபதி கையெழுத்திட்டார்.
முத்திரை குத்தியவள் நான்.
கீழ்விளிம்பு எப்போதும் மங்கலாகத்தான் விழும்.
நான்கு வருடமாகப் புது முத்திரை கேட்கிறேன்.

ஜூனில் அவன் விவாகரத்துக்குப் போட்டான்,
எண்பத்தைந்து மைல் தள்ளி, ஒடெஸாவில்.
பின்னாலேயே இன்னொரு மனு:
இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கட்டும்.
நியாயம்தான்.
ஒரு வீட்டின் கதையை
இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகப் படிக்க வேண்டாம்.

நான் செய்தது இவ்வளவே.
பக்கங்களை எண்ணினேன், முப்பத்தொன்று.
நான்காவது ஸ்கேனரில் கோணலாக விழுந்தது,
மறுபடி வைத்தேன்.
புகைப்பட உறையைத் திறக்கவில்லை.
மார்ச்சில் இதே கவுண்டரில்
இடக் கையால் கையெழுத்துப் போட்டாள்,
வலக் கைக்காரி.
பிறகு திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினேன்.
வழக்கு எண்ணுக்கு எதிரே
முடிக்கப்பட்டது, மாற்றப்பட்டது
என்று வந்தது.
முதல் சொல் தடித்த எழுத்தில்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி.
"எழுத்தர் அலுவலகம், வெர்னா பேசுகிறேன்."
பெயருக்கு முன்னால் வழக்கு எண்ணைச் சொன்னாள்,
பாராமல், மூச்சு விடாமல்.
பிறகுதான் மாரிசெலா ஒன்டிவெரோஸ்.
"முடிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறதே?"
ஒடெஸாவைக் கேட்டாளாம்.
அப்படி எதுவும் இன்னும் வரவில்லையாம்.
"இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றால்
இப்போது அது எங்கே இருக்கிறது?"

கம்பியில் போகிற காகிதம் எந்த ஊரையும் கடப்பதில்லை.
ஆனாலும் எனக்குத் தெரிந்தது
மோனஹன்ஸ் பக்கத்து மணல்மேடு,
வெயில்,
எதற்கென்று தெரியாமல்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் எண்ணெய்க் கிணறு.

"இதே பக்கத்தை அவனும் பார்க்கலாம், இல்லையா?"

என் தலைக்கு மேலே பலகை:
பணியாளர்கள் சட்ட ஆலோசனை தர மாட்டார்கள்.
ஸ்பானிஷில் இன்னொன்று.
இருபத்திரண்டு வருடமாக அதன் கீழேதான்
மதியச் சாப்பாடு.
செல்லும் என்று நான் சொல்லக் கூடாது.
செல்லாது என்றும்.
அவள் வக்கீலோ திங்கட்கிழமைதான் வருவார்.

வாசிக்கக் கூடாதென்று பலகையில் இல்லை.
ஆறாம் பக்கத்தை எடுத்தேன்.
"ஒரு நீதிமன்றம் இதை மாற்றினாலொழிய
இதன் ஒவ்வொரு விதியும்
முழு வலுவுடன் நடைமுறையில் இருக்கும்."

"மாற்றியாகிவிட்டதே," என்றாள்.

திரையைப் பார்த்தேன்.
அதே சொல்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.
"மேசைதான் மாறியது, அம்மா.
நான் எண்ணினேன்.
முப்பத்தொரு பக்கத்தில்
ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை."
இது ஆலோசனையா?
யாராவது கேட்டால் எண்ணிக்கை என்பேன்.

"மறுபடி வாசியுங்கள். மெதுவாக."
பேனா தேயும் சத்தம்.
பின்னால் ஒரு பையன்
பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்.
'முழு வலுவுடன்' வந்தபோது
பந்து நின்றது.
ஐந்து மணிக்கு விளக்கை அணைக்க வந்தவர்
அணைக்காமல் போனார்.

திங்கட்கிழமை ஒடெஸா புது எண் கொடுத்தது.
என் திரையில் இன்னும்
பழைய இரண்டு சொற்கள், அதே வரிசையில்.
முன்னது பின்னதாக வர வேண்டும் என்று
படிவம் நிரப்பி அனுப்பினேன்.
முத்திரை கேட்ட படிவத்துக்கு அடியில்
இருக்கிறது.