நாற்பத்தைந்து விநாடி

பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகத்தில்
எட்டாம் இலக்கக் குளிர்களஞ்சியம்.
இரவுக்கு நான் ஒருவன்தான்.
மைனஸ் இருபத்திநாலில்
அட்டைப்பெட்டிக்குள் அடுக்கின மீன்கள்.
அவை அசையத் தேவையில்லை.
எனக்குத் தேவை.

நெஞ்சுப்பட்டியில் கொழுவின கைபேசி
கையெழுத்துப் போட்டு வாங்கினது, கம்பெனியின் சொத்து.
ஆள் நாற்பத்தைந்து விநாடி அசையாவிட்டால் கீச்சிடும்.
இன்னும் பதினைந்துக்குள் பச்சையை அமர்த்தாவிட்டால்
ஓல்டன்பூர்க்கில் எங்கோ ஒரு மேசையில்
சிவப்பாய் எரியும் என் பெயர்.
டொய்ச்சில் இதற்கு வைத்த பெயர்
செத்த ஆள் மணி.
பழக்கிவிட்ட மேற்பார்வையாளன் டீர்க்
சிரிக்காமல்தான் சொன்னான்.

முதல் மாதம் அது படுத்திய பாடு!
பெட்டியில் ஒட்டின திகதியை
எழுத்துக்கூட்டி வாசித்தால் கீச்.
ஒருநாள் தம்பியின் குரல்செய்தி கேட்டபடி நின்றேன்.
காணி வித்தாச்சு, அண்ணை, கையெழுத்து வேணும்.
கீச், கீச்.
யோசிக்கிறவனுக்கும் செத்தவனுக்கும்
அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு காலம் எனக்கு வேறு சட்டம் இருந்தது.
பனங்குற்றி அடுக்கின பதுங்குகுழிக்குள்
பதின்மூன்று பேர்.
மேலே வண்டு சுற்றும், ஆளில்லா வண்டு.
அசையாதே, இருமாதே,
குழந்தையின் வாயைப் பொத்து.
அசைந்தவனைத்தான் அது கண்டுபிடிக்கும்.
அங்கேயும் எங்கோ ஒரு மேசை இருந்திருக்கும்,
ஒரு திரை, அதில் ஒரு புள்ளி.
இதை டீர்க்கிடம் சொல்லவில்லை.
சொல்லுமளவுக்கு டொய்ச்சும் இல்லை.

மாசியில் ஒரு வியாழன், மூன்று பத்து.
கதவடியில் உருகித் திரும்ப உறைந்த பனி.
கால் ஒரு திசை, நான் ஒரு திசை.
இடுப்புக்குள்
காய்ந்த மட்டை முறிகிற சத்தம்.
கீச்சிட்டது. கை எட்டவில்லை.
முதல்தடவையாக,
கத்தட்டும் என்று கிடந்தேன்.

"ஹெர் நவாராட்?"
பெண்குரல். பெயரைப் பாதியில் விட்டுவிட்டாள்.
"நான் வீப்கே. கேட்கிறதா?"
பதினேழு வருசம் பொறுக்கிச் சேர்த்த டொய்ச்
அந்த நேரம் பார்த்து
பல்லிவால் மாதிரிக் கழன்று விழுந்தது.
"விழுந்திட்டன் பிள்ளை" என்றேன்.
"எழும்ப ஏலாமக் கிடக்கு."
அவளுக்கு என்ன விளங்கியிருக்கும்?
வண்டி புறப்பட்டுவிட்டது, பதினொரு நிமிடம் என்றாள்.
நித்திரையாக வேண்டாம், எண்ணுங்கள் என்றாள்.

தமிழில்தான் வந்தது.
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
கொஞ்சம் பிந்தி அவளும் வந்தாள்,
இருட்டில் படி இறங்குகிறவள் மாதிரி
ஒவ்வொரு சொல்லிலும் கால்வைத்துப் பார்த்து.
ஏழில் தடக்கினாள். "ஏர்" என்றாள்.
அந்தக் கிடையிலும் திருத்தினேன்:
ஏழு. நாக்கை மடி, இன்னும் உள்ளுக்கு.
"ஏர்லு."
பதினேழில் திரும்ப நின்றோம்.
இருபத்தேழில் எனக்குச் சிரிப்பு வந்து
இடுப்பு கொன்றது.
எழுபதை அவள் தாண்டியதாக நினைவில்லை.
கதவு திறந்து நீல வெளிச்சம் சுழன்றபோது
யாரோ ஒருவன் நெஞ்சுப்பட்டியை வெட்டி எடுத்தான்.
அதோடு குரலும் போனது.

மூன்று ஆணி. பத்துக் கிழமை கட்டில்.
மூன்றாம் மாடி, யன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள்.
மணிக்கணக்காய் அசையாமல் கிடந்தேன்.
ஒன்றும் கீச்சிடவில்லை.
நித்திரையில் கை மட்டும்
நெஞ்சைத் தடவிப் பச்சையைத் தேடியிருக்கிறது.

திரும்பிப் போன முதல் இரவு
அடுக்குகளுக்கு நடுவில் வேணுமென்றே நின்றேன்.
நாற்பத்தைந்து. கீச். இன்னும் பதினைந்து.
"ஹெர் நவரத்தினம்?"
ஆண்குரல். முழுப்பெயரும், ஒரு எழுத்துப் பிசகாமல்.
பிழையாக அடித்துவிட்டது என்றேன்,
நல்ல டொய்ச்சில்.
பரவாயில்லை என்றான்.
மூச்சு புகைந்து பெட்டிகள்மேல் படிந்தது.
ஏழாம் அடுக்கில் இருந்து
எண்ணத் தொடங்கினேன்.