மிதிக்காதே

ப்ரோஸ்த்யோவ் நகரில் பனி கரையாத பிப்ரவரி.
ஐந்தாம் மாடி. வெந்நீர்க் குழாயின் மேல்
ஒன்பது பிளாஸ்டிக் கரண்டிகள் காய்கின்றன.
விமானத்துக்கு முன்னால் கரண்டிதான் பறந்து பார்க்கும்.

முதலில் பளபளக்கும் கறுப்பு.
அதன்மேல் அலுமினியம், தூங்குகிறவர் மூச்சளவு அழுத்தத்தில்,
தெளித்தோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருகிற மாதிரி.
கறுப்பு மெல்ல உலோகமாகும்.
அந்த அரை நிமிடத்துக்காகத்தான்
பாக்கி நாலு மாதமும்.

பிறகு வருகிறது வார்னிஷ் என்ற வம்பு.

பூசினால் வெள்ளி சாம்பலாகிறது,
மழைநாளில் பார்த்த ஈயப் பாத்திரம்.
பூசாவிட்டால் டெக்கால் படியாது;
அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி
மீன்செதில் போல வெளுத்துக் காட்டும்.
"பூசு வ்லாஸ்தா, பூசாமல் ஒட்டுவது திமிர்" என்பான் ரதிம்.
"உலோகத்துக்கு எதற்குப் போர்வை?" என்பான் லுபோர்.
சங்கத்தில் இதற்காகவே இரண்டு மேசைகள்.
பியர் மட்டும் ஒரே பீப்பாய்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீங்கானுக்கு மெருகேற்றத் தெரியும்.
நிஜம் போலிருக்க வேண்டுமென்றால்
ரொம்ப மினுங்கக் கூடாது என்பதும் தெரியும்.

ஏழாவது கரண்டி ஒத்துக்கொண்டது:
நீர்த்த வார்னிஷ், இரண்டே இரண்டு பனிப்படலம்,
நடுவே ஓர் இரவு.

அதற்கு முந்தின மாலை ஹினெக் வந்திருந்தான்,
தன் கடைசிப் பெட்டியை எடுக்க.
பனிச்சறுக்குக் காலணி, துளைக்கருவி, நின்றுபோன ஒரு கடிகாரம்.
கதவருகே போனவன் மேசைக்குத் திரும்பி
மிக்-15ஐ இறக்கையைப் பிடித்துத் தூக்கினான்.
"இன்னும் இதுதானா?"
குரலில் கேலியில்லை. அதுதான் தாங்கவில்லை.
வைத்துவிட்டுப் போனான், பெட்டி கதவில் இடிக்க.

வெறும் உலோகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
வார்னிஷ் காய்ந்ததும் எழுந்து வந்தது,
இடது இறக்கையில், உடலோடு சேருமிடத்தில்,
கட்டைவிரல். சுழி, வரிகள், குறுக்கே
ஒரு பழைய வெட்டு. ரொட்டிக் கத்தி.
அன்று கட்டுப் போட்டவள் நான்.

கணக்குப் போட்டேன். நாற்பத்தெட்டில் ஒன்று.
நிஜ விமானமென்றால் அந்த ரேகை
ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் இருக்கும்.

சுரண்டலாம். கறுப்பு, அலுமினியம், மறுபடி மூன்று நாள்.
போட்டி சனிக்கிழமை. அன்று புதன்.
கை அதுபாட்டுக்குத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது.

டெக்கால் ஊறும்போது அவசரப்படக் கூடாது.
தாளிலிருந்து அதுவாக நழுவ வேண்டும்.
தூரிகை நுனியால் நகர்த்தி இருத்திவிட்டு, மேலே
இளக்கும் திரவம் ஒரு சொட்டு.
உடனே சுருங்கும். முகம் கோணும்.
போயிற்று, எல்லாம் போயிற்று என்று தோன்றும்.
தொடாதே. தொட்டால்தான் போகும்.
கால் மணி நேரத்தில் தானே படிந்து
தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிவிடும்.
இதை யாராவது எனக்கு
வேறு விஷயங்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

மூவண்ண வட்டங்கள், மூக்கில் எண்,
எறும்பு சைஸில் எச்சரிக்கைகள்.
எல்லாம் ஒட்டியபின் தாளில்
'மிதிக்காதே' மட்டும் ஒன்று உபரி.
ரேகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

சனிக்கிழமை நடுவர் டார்ச்சோடு குனிந்தார்.
வெகுநேரம். அப்புறம் எழுதினார்:
கைரேகை, ஒரு மதிப்பெண் கழிவு.
வரைபடத்தில் இல்லாத எச்சரிக்கை, இன்னொன்று.
நான்காம் இடம்.

"சொன்னேன் பார், வார்னிஷ் பிரமாதம்" என்றான் ரதிம்.
"வார்னிஷே போடவில்லையே, சபாஷ்" என்றான் லுபோர்.
இருவருக்கும் தலையாட்டினேன்.

திரும்பும் பேருந்தில் மடியில் பெட்டி.
ஒரு திருப்பத்தில் வெயில் உள்ளே விழ,
மூடியைத் திறந்து பார்த்தேன்,
கை படாமல்.