செலவுத் தலைப்பு: மயானப் பராமரிப்பு

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
தேநீர் எத்தனை மணிக்கு வந்தது என்பதுவரை.
யார் அழுதார் என்று எழுதப்
படிவத்தில் இடமில்லை.

அமைச்சிலிருந்து முதலில் வந்த கடிதம் இனிப்பானது.
திருகோணமலைக்குப் போர் நினைவு அருங்காட்சியகம்,
முழுச் செலவும் எங்களுடையது,
போர் மட்டும் நாற்பத்திரண்டாம் ஆண்டுப் போர்.
சீனக்குடாவில் ஜப்பான்காரன் அடித்த எண்ணெய்க் குதம்,
வெள்ளைக்காரரின் கல்லறைகள், துருப்பிடித்த இரும்பு,
வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டு.
"அதுக்குப் பிறகு இங்க சண்டையே நடக்கல்லயா?"
என்று கேட்டார் மூதூர் உறுப்பினர் சஹாப்தீன்.
கேள்வி பதியப்பட்டது.
பதிலும் வரவில்லை, பணமும் வரவில்லை.

பிறகுதான் ஆறு சபைகள் ஒரு மேசைக்கு வந்தன.
மேசை நகரசபையுடையது. ஒரு கால் ஆடும்.
அடியில் பழைய பாதீட்டுப் புத்தகமொன்றை
மடித்து வைத்திருக்கிறோம்.
எங்களிடம் என்ன இருந்தது?
மீன் சந்தைக் குத்தகை,
கிண்ணியாவின் இறைச்சிக்கடை ஏலப் பணம்,
நிலாவெளி விடுதிகளின் வரி, அதிலும் பாதி நிலுவை,
கந்தளாய் வாரச்சந்தையில் தரைக்கு வாங்கும் காசு.
வெருகலிடம் ஒன்றுமில்லை.
அதன் தவிசாளர் கிருபைராசா எழும்பி
"எங்களிட்டப் பெயருகள்தான் இருக்கு" என்றார்,
இருந்துவிட்டார்.

பங்கு எப்படிப் பிரிப்பது?
சனத்தொகைப்படியா, வருமானப்படியா?
"செத்தவர்களின் தொகைப்படி" என்று யாரோ சொல்ல
அறை கொஞ்ச நேரம் மின்விசிறிக்கு மட்டுமே சொந்தம்.
எவருடைய தொகை, எந்த ஆண்டிலிருந்து,
சீருடை போட்டவனும் சேர்த்தியா,
விரட்டப்பட்டுப் போன இடத்தில் காய்ச்சலில் செத்தவள்?
கந்தளாயிலிருந்து வந்த சோமலதா மெனிக்கே
சிங்களத்தில் மெல்லக் கேட்டார்:
என் தமையன் பஸ்ஸில் போனவன்,
அவன் எந்தச் சுவரில்?
மொழிபெயர்த்தது நான்.
தமையன் என்ற சொல்லில்
ஒருமுறை நின்று, பிறகு சொன்னேன்.

மூன்றாம் கூட்டத்தில்
கணக்காளர் பாலேந்திரா கையை உயர்த்தினார்.
நூலகத்துக்குச் செலவழிக்கலாம், மலசலகூடத்துக்கு,
கட்டாக்காலி மாட்டுக்கு, தெருவிளக்குக்கு.
போர் என்ற சொல்
எங்கள் எந்தச் செலவுத் தலைப்பிலும் இல்லை.
கையெழுத்து வைத்தால் என் ஓய்வூதியம் போகும்.

கூட்டறிக்கை எழுதுபவளுக்குப் பேச உரிமையில்லை.
பாதீட்டைத் திறந்து, ஒரு வரிக்குக் கீழே
பென்சிலால் கோடிட்டு அவர் பக்கம் தள்ளினேன்:
மயானங்களும் இடுகாடுகளும், பராமரிப்பு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மயானம் எண்டால் உடல் இருக்க வேணாமா?"
"இருக்கணும் எண்டு எங்க எழுதியிருக்கு?"
இது சஹாப்தீன்.
சோமலதா என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வையை மொழிபெயர்க்கும்படி
எவரும் கேட்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது, எதிர்த்தவர் ஒருவர்;
ஓட்டுக்கூரை விலை கூடவாம், தகரம் போதுமாம்.
நூறு ரூபாய் வருமானத்துக்கு ஒரு ரூபாய்.
வெருகலின் பங்கை மற்ற ஐவரும் போடுவதென்று
பேச்சில்லாமல் முடிந்தது.
அதையும் எழுதினேன், பேச்சில்லாமல் என்று.

மாதம் முடிய உறுதிச்சீட்டு நிரப்புவதும் நானே.
யாருக்காக என்ற கோட்டில்
முதல் தடவை பேனா தானாகவே
வசீகரன் என்று எழுதத் தொடங்கிற்று.
வ-வைப் பொ ஆக்க முடியாது.
தாளைக் கிழித்துப் புதிதில் எழுதினேன்: பொது.

கட்டடத்துக்கு இன்னும் கதவில்லை.
மத்தியானத்தில் மான்கள் வந்து படுக்கின்றன,
இந்த ஊர் மான்களுக்குத் தெருவென்றும் இல்லை சபையென்றும் இல்லை.
போன கிழமை கணக்காய்விலிருந்து ஒரு படிவம்:
மேற்படி மயானத்தில்
இதுவரை அடக்கம் செய்யப்பட்டோர் எத்தனை பேர்?
கட்டத்தை வெறுமையாக விட்டனுப்பினேன்.
வெறுமையாக விடக்கூடாதென்று
திரும்பி வந்திருக்கிறது.