ஒரு வீடியோவுக்கு அறுபது பைசா

கூத்தாநல்லூரில், உரக்கடைக்கு மேலே
ஆறு பெண்கள், ஆறு திரை, ஒரு மின்விசிறி.
அடுத்தவர் தின்பதைப் பார்ப்பது எங்கள் வேலை.

பிள்ளைகள் பார்க்கலாம் என்றால் பச்சை.
பெரியவர் பக்கத்தில் இருந்தால் மஞ்சள்.
கூடவே கூடாது, சிவப்பு.
ஒன்றுக்கு அறுபது பைசா.
தப்பாக அமுக்கினால் இரண்டு ரூபாய் பிடித்தம்.

இன்று பதினேழாம் நோன்பு.
உதடு காய்ந்து ஒட்டுகிறது.
எவளோ ஒருத்தி நண்டின் கால் உடைப்பதை
இரட்டை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது முட்டையை விழுங்குகிறவன்: மஞ்சள்.
மிளகாய்ப் பந்தயம், கண்ணீர், பின்னால் சிரிப்பு: சிவப்பு.
வானவில் கேக்: பச்சை.
அதில் கொட்டிய சர்க்கரையை
மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ.
விதிப்புத்தகத்தில் சர்க்கரை கிடையாது.

வரப்பு நண்டை உயிரோடு உரலில் போட்டு
ரசத்துக்கு இடிக்கிறாள் ஒருத்தி.
"சிவப்பு போடுங்க, உயிர்வதை" என்றார்
தஞ்சாவூரிலிருந்து போனில் சூபர்வைசர் பூங்குழலி.
"சளிக்கு நாங்க குடிக்கிறதுதானே மேடம்."
"நீங்க குடிப்பீங்க. எங்கேயோ ஒரு பிள்ளை
ராத்திரி தூங்காது."
அதுவும் நியாயம்தான். அமுக்கினேன்.
என் மகன் அஸ்லம், ஒன்பது வயசு,
ஞாயிறு காலை கறிக்கடையில் நின்று
"ஈரலைத் தனியாக் கட்டுங்க பாய்" என்பவன்.
அவன் கண்ணுக்கு யாரும் கலர் பூசவில்லை.

மூன்று மணி வாக்கில் அது வந்தது.

வாய்க்கால் கரை. வாழையிலை. இலை நிறையப் பிரியாணி,
ஆறு லெக்பீஸ், பன்னிரண்டு முட்டை.
எதிரில் பட்டுப்பாவாடையில் ஒரு பெண்பிள்ளை,
முன்பல் இரண்டு இன்னும் முளைக்கவில்லை.
"வேற லெவல் மக்களே" என்கிறது.
தின்கிறது.
ஆறாவது நிமிஷம், பன்னிரண்டாவது நொடி,
கை நிற்கிறது.
கண் இடது பக்கம் போகிறது,
கேமராவுக்கு வெளியே நிற்கிற யாரிடமோ.
அங்கே சத்தத்தை வெட்டிவிட்டார்கள்.
கை மறுபடி இலைக்கு இறங்குகிறது.

ரத்தம் இல்லை. கத்தி இல்லை. நெருப்பு இல்லை.
கெட்ட வார்த்தை இல்லை.
எல்லாக் கட்டமும் பச்சைக்குத்தான் போகிறது.
குழந்தை இதைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள்.
இந்தக் குழந்தை இதைத் தின்னலாமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஏழு தடவை பின்னால் ஓட்டினேன்.
ஏழுக்கும் கூலி கிடையாது.
முதலில் சோற்றில் ஆவி பறக்கிறது,
கடைசியில் இலையோரம் நெய் வெள்ளையாக உறைந்திருக்கிறது.
தென்னை நிழல் இலையைத் தாண்டி
அந்தப் பிள்ளையின் மடிக்கு வந்துவிட்டது.
பதினோரு நிமிஷ வீடியோ.
மக்ரிபுக்கு நிழல் பார்த்துக் காத்திருப்பவளுக்குத் தெரியும்,
குறைந்தது மூன்று மணி நேரம்.

சிவப்பை அமுக்கினேன்.
காரணம் கேட்டது. 'மற்றவை' என்றேன்.
இருபது எழுத்துக்குள் எழுதச் சொன்னது.
புள்ளியையும் சுழியையும் தனித்தனியாக எண்ணுகிற பெட்டி.
'பிள்ளைக்கு வயிறு நிர'
அதோடு நின்றுவிட்டது.

நோன்பு திறந்து, கஞ்சி குடித்து,
அஸ்லம் பாதி வடையைத் தட்டிலேயே வைத்தான்.
வழக்கமாகத் திட்டுவேன்.
இன்றைக்கு அந்தப் பாதியை
நான் எடுத்துத் தின்றேன்.

காலையில் கணக்கில் இரண்டு ரூபாய் குறைந்திருந்தது.
பச்சையாக்கி விட்டிருந்தார்கள்.

பின்னால் தெரிந்த மதகில்
பெயின்ட் உதிர்ந்து 'வெ' மட்டும் மிச்சம்.
வெண்ணாறா, வெட்டாறா?
இரண்டிலும் மதகு எத்தனை என்று
பாசனப் பிரிவில் லஸ்கராக இருக்கிற
ஜபருல்லா மச்சானிடம் கேட்டிருக்கிறேன்.
"எதுக்கு?" என்றார்.
வெள்ளிக்கிழமை எனக்கு லீவு.