கீறலைத் தாண்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எங்கள் கடை.
பெரிய வண்டி போனால்
அறுபது டிவியும் லேசாக நடுங்கும்.

குளச்சலிலிருந்து ததேயுவும் பிலோமியும் வந்தார்கள்.
மாடியறையில் ஹோம் தியேட்டராம்.
நான் போட்ட டெமோவில்
ஒரு கடல் நீலமாய் மினுங்கியது.
"இது எங்க உள்ள கடலு?" என்றார்.
நிறத்தைக் குறைத்தேன். "இன்னும்."
ஆனி மாதத்துக் கலங்கலுக்கு வந்ததும்
"ஆங், இதாக்கும்" என்று
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

கருப்பைக் காட்ட ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
நல்ல டிவியில் கருப்பு, கருப்பாகவே இருக்கும்.
மட்டமானதில் சாம்பல்.
இதைச் சொல்லித்தான் மாதம் நாலு விற்கிறேன்.
அவர் ராத்திரிக் கடலில் வலை போடுகிறவர்,
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பிளேயர்.
பிலோமி பையிலிருந்து கலியாண டிஸ்க்கை எடுத்து
முந்தானையில் துடைத்தாள்.
"கோயில் நடையிறங்கும்போ நின்னுபோவும்.
அங்க நான் எங்கம்மையக் கெட்டிப்பிடிச்சு அழுவேன்.
பதினாலு வருசமா அந்த எடம் ஓடல்ல."

ஜப்பான் பிளேயர் இரண்டுமே
வெளியே துப்பிவிட்டன.
மூலையில் தூசியோடு கிடந்த
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்காரன்
கரகரவென்று கடித்து
கீறலைத் தாண்டிப் போனான்.

எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு.
அறுபது டிவியிலும்
முல்லைப்பூ கிரீடத்தோடு பிலோமி
வாய் பிளந்து கொட்டாவி விட்டாள்.
அம்மை பின்னால் நின்று
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ததேயு சிரித்து அடங்க நேரமானது.
"இதையே பில்லு போடுங்க."

பிலோமி டிஸ்க்கைப் பிடுங்கிப்
பைக்குள் திணித்தாள்.
"அந்த ஜப்பான்காரன் மதி."